ஒரு விரல் அகலம்

"எலிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

"அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அதுக்குத்தான். ஒண்ணும் ஆகலை. ஆகியிருக்கணும்."

வாலு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு அவன் கேட்காத புகார் இல்லை. காணாமல் போன நகை, காணாமல் போன நாய், காணாமல் போய்விட்டுத் திரும்பி வந்து எல்லோரையும் வருத்தப்பட வைத்த ஒரு மாப்பிள்ளை. ஆனால் ஓர் உயிர் சௌக்கியமாக இருக்கிறது என்று ஒருவர் முறையிடுவதை இப்போதுதான் கேட்கிறான்.

முறையிட்டவர் ஒரு டாக்டர். தோல் நோய் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி. நெடுநெடு உயரம், சாம்பல் நிறக் கோட்டு, பூட்டி வைத்தது போன்ற உதடுகள். கூடத்தில் வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'பீரோ' என்று அழைப்பதாக வாசல் காவலாளி சொல்லியிருந்தார். சாவி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதாம்.

அவருக்கு எதிரே வாலுவின் அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'துப்பறியும் நிபுணர்' என்று கதவில் பலகை மாட்டியிருப்பவள் அவள்தான். பையைத் தூக்குவதும் தேவையில்லாத இடத்தில் வாயைத் திறப்பதும் கொழுந்தன் வாலுவின் இலாகா. அவனுடைய அண்ணனோ வீட்டில் ஒரு சாக்ஸ் தொலைந்தால்கூட மனைவியிடம் வாய் திறக்க மாட்டான். தேட ஆரம்பித்தால் வேறு என்னென்ன அகப்படுமோ என்ற பயம்.

"முதல்ல இருந்து சொல்லுங்க டாக்டர்," என்றாள் அண்ணி. "என் கொழுந்தனுக்குப் புரியற மாதிரி."

"குழந்தைக்குச் சொல்ற மாதிரியா?"

"அதுக்கும் கொஞ்சம் கீழ இறங்கிக்கோங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "தோல் ரெண்டு அடுக்கு. மேல்தோல், கீழ்த்தோல். ரெண்டையும் சேத்துப் பிடிச்சு வைக்க நடுவுல நுண்ணிய இழைகள் இருக்கு, கொக்கி மாதிரி. சில குடும்பங்கள்ல பிறக்கும்போதே அந்தக் கொக்கி சரியா அமையாது. லேசா உரசினாலே மேல்தோல் தனியாக் கழண்டு, கொப்புளமா எழும்பிடும். அதே கோளாறோட பிறந்த எலிகளை நாங்க வளர்க்கறோம்."

"கொக்கி வைக்காத ஜாக்கெட்," என்றாள் அண்ணி.

வாலு கூரையைப் பார்த்தான். டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அவ்வளவு மோசமான உதாரணம் இல்லை," என்றார். பீரோவின் கதவு ஒரு நூல் திறந்து மூடியது.

"ரெண்டு கூண்டு வச்சிருக்கோம். ஒரு கூண்டு எலிகளுக்கு நாங்க தயாரிச்ச மருந்துக் களிம்பு. இன்னொரு கூண்டுக்கு மருந்தே கலக்காத வெறும் களிம்பு. மருந்துக் கூண்டுல கொக்கி முளைக்கணும், வெறும் கூண்டுல முளைக்கக் கூடாது. அப்பத்தான் குணமானது மருந்தாலன்னு சொல்ல முடியும்."

அவர் இரண்டு படங்களை மேசையில் வைத்தார். நுண்ணோக்கியில் எடுத்தவை. முதல் படத்தில் இரண்டு கரைகளுக்கு நடுவே ஏரி கிடப்பது போல ஒரு வெண்மையான பிளவு. கரையோரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெலிந்த, குட்டையான கொக்கிகள். தண்ணீரில் விழுந்தவனைப் பிடிக்க நீட்டிய கை எட்டாமல் நின்றுவிட்டது மாதிரி இருந்தது. இரண்டாவது படத்தில் ஏரியே இல்லை. கரையும் கரையும் சேர்ந்து, நெருக்கமாகக் கொக்கி போட்டுக்கொண்டு, வஞ்சனையில்லாமல் ஒட்டியிருந்தன.

"ரெண்டாவது மருந்துக் கூண்டு எலி," என்றான் வாலு, புத்திசாலித்தனமாக.

"இல்லை. ரெண்டுமே வெறும் கூண்டு. மத்த எலி எல்லாம் முதல் படம் மாதிரி. இது ஒண்ணுதான் இப்படி."

"அப்ப யாரோ நோய் எலியை எடுத்துட்டு நல்ல எலியைப் போட்டிருக்காங்கன்னு சொல்றீங்க," என்றாள் அண்ணி.

"யாரோ இல்லை. அந்தக் கூண்டைப் பாத்துக்கற பொண்ணு. ஒரு எலி செத்திருக்கும். பயந்துபோய் நல்ல எலியை உள்ள விட்டிருப்பா. சாயந்திரம் ஆராய்ச்சியைச் சரிபாக்கற குழு கூடுது, நான் பேரைச் சொல்லியாகணும். சொன்னா இங்க மட்டும் இல்லை, வேற எந்தக் கூடத்துலயும் அவளைச் சேக்க மாட்டாங்க." டாக்டர் படங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். "சொல்றதுக்கு முன்னாடி நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் நீங்க."

வெளியே வரும்போது கதவுக் குமிழ் அண்ணியின் கையில் ஒருமுறை வழுக்கியது. உள்ளே வரும்போது அதே குமிழ் வாலுவை ஏமாற்றி, அறைக்குள் தலைகுப்புற அறிமுகப்படுத்தியிருந்தது. அண்ணி கைக்குட்டையால் விரல்களைத் துடைத்து, அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வழுக்கினப்ப சிரிச்சீங்களே."

"நீ சமதரையிலயும் வழுக்குவே. உன்னை வச்சுக் குமிழைக் குற்றம் சொல்ல முடியுமா?"

அந்தப் பெண்ணை நுண்ணோக்கி அறையில் பிடித்தார்கள். கண்ணாடிச் சில்லுகளில் தோல் சீவலை ஒட்டிப் பார்ப்பது அவள் வேலை என்பதால் எல்லோரும் அவளைச் 'சில்லு' என்றுதான் கூப்பிட்டார்கள். அழுது முடித்த முகம். ஆனாலும் முதுகு நேராக இருந்தது.

"எலி எதுவும் சாகலைங்க. நான் மாத்தவும் இல்லை. செத்திருந்தா செத்துப்போச்சுன்னு சொல்லியிருப்பேன். இதுல பொய் சொன்னா முதல்ல ஏமாந்து போறது நான்தான்."

"நீங்க எப்படி?" என்றான் வாலு.

"என் தங்கச்சிக்கு இந்த நோய்தான். அவ சட்டையை எல்லாம் தையல் வெளிப்பக்கம் இருக்கற மாதிரி போட்டுவிடுவோம். உள்ள இருந்தா அந்தத் தையலே தோலை உரிச்சிடும். அவளுக்காகத்தான் நான் இங்க வந்தேன். பொய்யான எலியைக் காட்டி நான் என்ன பண்ணப் போறேன்?" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு என்னை அனுப்பிடுவாங்கன்னு காலையில சொன்னேன். தனியா அழுதுட்டு வராதேன்னு அவளே கிளம்பி வந்து கீழ உக்காந்திருக்கா. அவ எனக்குத் துணையாம்!"

வாலு சொல்ல வைத்திருந்த வேடிக்கைப் பேச்சை விழுங்கிக்கொண்டான். அவனுக்கு அது அபூர்வம்.

"தோலை எலியோட எந்த இடத்துல இருந்து எடுத்தே?" என்று கேட்டாள் அண்ணி.

"முதுகுல."

"எல்லா எலிக்குமா?"

"எல்லாத்துக்கும் முதுகுலதான். ஒரே இடத்துல எடுத்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியும்."

"வயித்துப் பக்கம் யாராவது பாத்தீங்களா?"

"தூக்கினா தோல் வந்துடுமே! அதனால மேல இருந்து பாக்கறதோட சரி. கூண்டு மாத்தும்போதுகூட ஒரு குழாய்க்குள்ள தானா நடந்து போக வைப்போம்."

அண்ணி மெல்லத் தலையாட்டினாள். அவள் அப்படித் தலையாட்டினால் வாலுவுக்குக் கெட்ட நேரம் ஆரம்பம் என்று அர்த்தம்.

எலி அறைக்குள் போக உடம்பு முழுக்க மூடும் அங்கி, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்ட வாலு, "கல்யாணத்துல பரிமாறப் போறவன் மாதிரி இருக்கேன்," என்றான். "சாப்பிடப் போறவன் மாதிரிதான் எப்பவும் இருக்கே. இது முன்னேற்றம்," என்றாள் அண்ணி.

உள்ளே இளஞ்சூடும் மரத்தூள் வாசனையும். கூண்டுகளைக் கவனித்துக்கொள்ளும் கூண்டுக்காரர் ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த அறைக்கு யாரெல்லாம் வருவாங்க?" என்றான் வாலு.

"நானும் சில்லுவும்தான். நான் இருக்கறப்ப வேற ஒருத்தரும் கிட்ட வர முடியாது."

"நீங்க இல்லாதப்ப?"

"மதியம் சாப்பிடப் போறப்ப பூட்டிட்டுப் போவேன். யாரும் வர மாட்டாங்க."

"டாக்டர்கூட வர மாட்டாங்களா?" என்றாள் அண்ணி.

"டாக்டர் வருவாங்க."

"யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னீங்களே!"

கூண்டுக்காரர் அவளை வினோதமாகப் பார்த்தார். "அவங்க எப்படிங்க 'யாரும்' ஆவாங்க? அவங்க டாக்டராச்சே!"

அண்ணி கூடவே வந்திருந்த சில்லுவின் பக்கம் திரும்பினாள். அடிப்பக்கம் தெளிவான கண்ணாடியில் இருக்கும் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். சில்லு குழாய் வழியே அந்த எலியைப் பெட்டிக்குள் நடக்க விட்டாள். இரண்டு மேசைகளைச் சற்று விலக்கி, இடைவெளிக்கு மேலே பெட்டியை வைத்தார்கள்.

"படு," என்றாள் அண்ணி.

"எங்கே?"

"தரையில. எலிக்குக் கீழ. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

"உங்களுக்கு இடுப்பு பிடிச்சு நான் பாத்ததே இல்லையே அண்ணி."

"படுக்காததாலதான்."

வாலு மல்லாந்து படுத்துத் தலையை மேசைகளுக்கு நடுவே கொண்டுபோனான். மேலே, கண்ணாடி வானத்தில், எலி ஒரு சின்ன வெள்ளை மேகம் போல நகர்ந்தது. அவன் ஒரு கணம் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேகம் திரும்பியது.

"அண்ணி, இதுக்கு அடிவயிறெல்லாம் கொப்புளம். பாதத்துல ரெண்டு. ஒண்ணு உடைஞ்சிருக்கு."

"ஐயோ," என்றாள் சில்லு.

"முதுகு?" என்றாள் அண்ணி.

"நான் முதுகுப் பக்கம் இல்லையே. நீங்கதான் நல்ல இடமாப் பாத்து நின்னுட்டீங்க."

அண்ணி மேலிருந்து குனிந்து பார்த்தாள். இரண்டு காதுகளுக்கு நடுவே தொடங்கி வால் முளைக்கும் இடம்வரை ரோமம் அடர்த்தியாக, பளபளப்பாக ஓடியது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெலிந்து, கீழே தோல் சிவந்து தெரிந்தது. நல்ல பகுதி ஒரு நேர்க்கோடாக இருந்தது. அண்ணி தன் ஆட்காட்டி விரலைப் பெட்டிக்கு மேலே பிடித்து அளந்தாள்.

"ஒரு விரல் அகலம்," என்றாள். "எலியை யாரும் மாத்தலை. வேற நல்ல எலியா இருந்தா உடம்பு முழுக்க நல்லா இருக்கணும். இது அதே எலி. இதுக்கு முதுகுல மட்டும் குணமாயிருக்கு."

சில்லு அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"களிம்பு டப்பா மாறிப்போயிருக்குமோ?" என்றான் வாலு, தரையிலிருந்தபடியே.

"டப்பா மாறியிருந்தா கூண்டுல இருக்கற எல்லா எலிக்கும் கொக்கி முளைச்சிருக்கும். இது ஒண்ணுக்கு மட்டும் மருந்து கிடைச்சிருக்கு. எழுந்திரு, டாக்டரைக் கூட்டிட்டு வா."

டாக்டர் அங்கியும் தொப்பியுமாக வந்தார். பீரோவுக்கு உறை போட்டது போல இருந்தது. பெட்டிக்குள் இருந்த எலியை அவர் ஒரு தடவைதான் பார்த்தார். உடனே பார்வையைச் சுவருக்கு மாற்றிக்கொண்டார்.

அண்ணி ஏதோ பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போல, எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டாள்: "இந்த எலியை யார் தடவினது?"

"நான்தான்," என்றாள் சில்லு. "வெறும் களிம்பு. பஞ்சுக் குச்சியாலதான் தடவுவேன்."

"நான் களிம்பு டப்பாவைத் தொடக்கூட மாட்டேங்க," என்றார் கூண்டுக்காரர்.

டாக்டர் கழுத்தை நிமிர்த்தினார். "இது ஆராய்ச்சிக்கூடம். எலியைப் போய் யாராவது கொஞ்சிட்டு உக்காந்திருப்பாங்களா?"

தட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. வாலுவுக்கே பிடிபட்டுவிட்டது. அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. தாளிக்கும்போது கடுகு வெடிப்பதற்காகக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

"டாக்டர், இந்தக் கூடத்துல 'தடவறது'ன்னா களிம்பு. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் இவங்க பேசறதே அதுதான். இவங்க ரெண்டு பேருக்கும் என் கேள்வி களிம்பாத்தான் கேட்டுச்சு. உங்களுக்கு மட்டும் அது கொஞ்சறதாக் கேட்டிருக்கு."

"வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கறீங்க."

"சரி, வார்த்தையை விட்டுடலாம். எலிகிட்டயே கேப்போம்."

"எலி முன்னாடி அடையாள அணிவகுப்பா?" என்றான் வாலு. "சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் வேணாமா?"

"நீதான் முதல்ல."

எலியைக் கூண்டுக்குத் திருப்பினார்கள். வாலு திறந்த மூடிக்கு மேலே கையை நீட்டினான். எலி அவனை ஒருமுறை முகர்ந்துவிட்டு, வேண்டாத சம்பந்தத்தைக் கண்டது போல மூலைக்குப் போய்விட்டது. கூண்டுக்காரர் கைக்கு எலி தீனித் தட்டு இருக்கும் பக்கம் ஓடியது. சில்லுவின் கையைக் கண்டதும் குழாய்க்குள் புகுந்துகொண்டது. தோல் சீவுகிற கையாயிற்றே.

"நீங்க, டாக்டர். கையுறையைக் கழட்டிட்டு."

"இது தேவையில்லாத வேலை."

"தேவையில்லாத வேலைக்குத்தான் என் கொழுந்தனையே வச்சிருக்கேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். கையைக் கூண்டுக்கு மேலே கொண்டுபோனார், முழுசாக நீட்டாமல், அடுப்புச் சூடு பார்ப்பது போல. குழாயின் வாயில் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு மீசை. பிறகு எலி வெளியே வந்து, நேராக அந்த விரலுக்குக் கீழே நடந்துபோய், முதுகைத் தட்டையாக்கிக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்தது.

டாக்டர் கையை இழுக்கப் பார்த்தார். எலி அண்ணாந்து தேடியது.

"வேணாம் பட்டு," என்றார் டாக்டர், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். "உள்ள போ."

கூண்டுக்காரரின் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. பீரோ ஓர் எலியைப் பட்டு என்று கூப்பிட்டதை அவர் தன் வாழ்நாள் முழுவதும் சொல்லித் தீர்க்கப்போகிறார் என்று வாலுவுக்குத் தோன்றியது.

அண்ணி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துச் சில்லுவின் மூக்கருகே நீட்டினாள். சில்லு முகர்ந்தாள். "கிராம்பு வாடை. நம்ம மருந்துக் களிம்பு!"

"உங்க அறைக் கதவுக் குமிழ்ல இருந்தது, டாக்டர். பட்டுவைக் கையுறை இல்லாமத்தான் தடவுவீங்களா?"

டாக்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "உறை போட்டா ரப்பர் தோலை இழுக்கும். வெறும் கைதான் வழுக்கிட்டுப் போகும்." பிறகு, "கிருமிநாசினியில கழுவிக் கழுவி என் கையெல்லாம் வெடிப்பு. மருந்துக் களிம்பு கொஞ்சம் மீந்திருந்தது. நான் செஞ்ச மருந்தை நானே நம்பலைன்னா எப்படின்னு போட்டுக்கிட்டேன். இந்த எலிதான் கூண்டுலயே சின்னது. மத்ததெல்லாம் இதைத் தள்ளிவிட்டுட்டுத் தூங்கும். மதியம் வந்து... ஒரு விரலால..." அவர் நிறுத்தினார். "என் கை மருந்தாயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

"நோய் எலியை ஒரு விரலால தொட்டிருக்கீங்க. தொட்ட இடம் மட்டும் ஆறியிருக்கு. தொடாத இடம் ஆறலை," என்றாள் அண்ணி. "உங்க குழு இதை ஒத்துக்குமோ ஒத்துக்காதோ, எனக்குத் தெரியாது. எனக்கு இது போதும்."

"குழு ஒத்துக்காது. வெறும் கூண்டு கெட்டுப்போச்சு. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்." டாக்டர் தொப்பியைக் கழற்றினார். நரைத்த முடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவரைப் பார்க்க வாலுவுக்கு முதல்முறையாகப் பயமில்லாமல் இருந்தது. "சாயந்திரம் நான் சொல்ற பேர் என் பேராத்தான் இருக்கும். சில்லு, உன்னைப் போய்... நான் உனக்கு என்ன பண்ணணும்னு சொல்லு. இந்த இடத்துலயே சொல்லு."

சில்லு முக்காலியிலிருந்து எழுந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். "களிம்பை எப்ப இருந்து போட்டுக்கறீங்க மேடம்?"

"குளிர் ஆரம்பிச்சதுல இருந்து."

"எரிச்சல், அரிப்பு ஏதாவது?"

"இல்லை. வெடிப்பு மூடிடுச்சு."

"மனுசங்களுக்கு இன்னும் போட்டுப் பாக்கலைன்னு எனக்குத் தெரியும். போடுங்கன்னு நான் கேக்கலை." அவள் தன் விரல்களை ஒன்றோடொன்று பின்னிப் பிரித்தாள். "கீழ என் தங்கச்சி உக்காந்திருக்கா. அவ பிறந்ததுல இருந்து யாரும் அவ கையைப் பிடிச்சதே இல்லை. அம்மா பிடிச்சதில்லை, நானும் பிடிச்சதில்லை. ரோடு தாண்டும்போதுகூட சட்டை நுனியைத்தான் பிடிச்சுப்போம். நீங்க குழுவுக்குப் போறப்ப அந்த வழியாத்தானே போவீங்க? புதுசா ஒருத்தரைப் பாத்தா குலுக்கற மாதிரி, சும்மா, அவ கையை ஒரு நிமிஷம் பிடிக்கறீங்களா மேடம்?"